முதல் சாட்சியில் நான் மறைத்தது

என் தங்கச்சி கவிதா இடது காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடக்கிறாள். என் அப்பாவுக்கு வலது கை முழங்கையோடு முடிந்துவிட்டது. இரண்டுக்கும் காரணம் நான். இந்த மூன்றாவது வாக்கியத்தை எழுத எனக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது.

கர்த்தருக்குள் அன்பானவர்களே, கராச்சர்மா சபைக்கு வருகிறவர்கள் என் சாட்சியை ஏற்கெனவே கேட்டிருக்கிறீர்கள். நான் பேசும்போது சிலர் அழுதீர்கள். அன்றைக்கு நான் சொன்ன சம்பவம் உண்மைதான். ஆனால் அதன் நடுவிலிருந்து ஒரு துண்டை உருவி ஒளித்துவிட்டேன். அந்தத் துண்டு இல்லாவிட்டால் அது சாட்சியே இல்லை, வெறும் பெருமை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் ஒரு காண்ட்ராக்டரோடு இந்த அந்தமானுக்குக் கப்பலேறி வந்தவர். கொத்தனார். கராச்சர்மாவில் அவர் சுவர் எழுப்பாத தெரு இல்லை. அளக்கும் டேப்பில் இருக்கிற எண்கள் மட்டும் தெரியும். எழுத்து தெரியாது. அம்மாவும் அப்படித்தான். கவிதா இப்போதுதான் பதினொன்றாம் வகுப்பு. எங்கள் வம்சத்திலேயே முதலில் படித்து டிகிரி வாங்கியவன் நான். வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும், ரேஷன் கார்டானாலும் மாத்திரை அட்டையானாலும், அப்பா அதை என் முன்னால் நீட்டி, "டேய் மணி, இதுல என்ன போட்டிருக்கு?" என்பார். நான் படித்துச் சொல்வேன். எங்கள் வீட்டுக்குக் கண் என்றால் நான்தான்.

கல்லூரிக் கடைசி வருஷத்தில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன். ஞானஸ்நானமும் எடுத்தேன். வீட்டில் யாரும் அடிக்கவில்லை, துரத்தவில்லை. அப்பா சொன்னது இவ்வளவுதான்: "கும்புடத்தான போற, சாராயம் குடிக்கவா போற? போய்ட்டு வா."

நான்தான் சும்மா இருக்கவில்லை. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் பிரசங்கம். ஆட்டு ரத்தம் பாவத்தைப் போக்காது, கல்லுக்குக் காது கிடையாது என்று பரீட்சைக்குப் படித்த பதில் மாதிரி ஒப்பிப்பேன். அப்பா கேட்டுக்கொள்வார். "அப்படியா? சரி, சோறு ஆறுது, சாப்புடு" என்பார். அந்தப் பொறுமையைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரியும்.

ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில், தீவுகளுக்குப் போகிற கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கிற இடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அரசாங்க வேலை. அப்பா எனக்குத் தெரியாமல் ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். மகனுக்கு வேலை கிடைத்தால் முனீஸ்வரனுக்கு ஒரு கிடா. பெரார்கஞ்சைத் தாண்டி ஒரு உப்பு ஓடைக் கரையில் எங்கள் ஊர்க்காரர்கள் நட்ட கல்லும் சூலமும் இருக்கின்றன. அங்கேதான் வெட்டுவார்கள். யார் பேரில் வேண்டுதலோ அவனும் உடன் நிற்க வேண்டும். வெட்டின பிறகு குடலை வீட்டுப் பெண்பிள்ளைதான் ஓடைத் தண்ணீரில் அலச வேண்டும். பிறகு அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுத்தான் வீடு திரும்புவோம். நான் சின்னப் பையனாக இருந்ததிலிருந்து அப்படித்தான்.

"நான் வரமாட்டேன்" என்றேன்.

அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நீ கும்புட வேணாம்டா. சும்மா வந்து நில்லு. உங்கப்பன் முகத்துக்காக நில்லு."

போனேன். போன தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை.

அங்கே போய் எல்லோரையும் விட்டுத் தள்ளி, ஓடைக்குப் போகிற பாதையோரம் இருந்த பாதாம் மரத்தடியில், கையில் புதிய ஏற்பாட்டோடு நின்றேன். அந்த மரத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை ஆணியடித்து வைத்திருந்தார்கள். வனத்துறைத் தாள். புதிது. மேலே ஹிந்தி, கீழே இங்கிலீஷ். படம் எதுவும் இல்லை. இந்த ஓடையில் முதலை நடமாட்டம் தெரிந்திருக்கிறது, தண்ணீரில் இறங்காதீர்கள், இறைச்சிக் கழிவைக் கொட்டாதீர்கள் என்று இருந்தது.

படித்தேன். சொல்லத்தான் திரும்பினேன். அதை மட்டும் நம்புங்கள்.

அப்போது கிடாவைப் பிடித்துக்கொண்டிருந்த முருகேசு சித்தப்பா, அப்பாவோடு வேலை செய்கிறவர், என்னைப் பார்த்துக் கத்தினார். "என்ன பாஸ்டரே, அங்கயே நின்னுட்டீங்க? வந்து கெடாவுக்கு ஒரு ஜெபம் பண்ணுங்க. பாவம், பரலோகம் போகட்டும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாகூடச் சிரித்தாள். என் முகம் கொதித்தது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு மரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கிடாவை வெட்டி முடித்த பிறகு, கையைத் துடைத்துக்கொண்டே அப்பா என்னிடம் வந்தார். சமாதானம் பண்ணத்தான் வந்திருக்கிறார். பேச்சைத் தொடங்க ஏதாவது வேண்டுமே, மரத்திலிருந்த தாளைப் பார்த்தார்.

"டேய் மணி, இதுல என்ன போட்டிருக்கு?"

"ஏன், உங்க முனீஸ்வரனக் கேளுங்க" என்றேன். "எல்லாம் தெரிஞ்ச சாமிதான?"

அப்பா சிரித்தார். "சரிடா, கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று திரும்பிப் போனார்.

இதுதான் நான் உருவி ஒளித்த துண்டு.

அந்த நேரத்தில் எனக்கு என்ன இருந்தது தெரியுமா? பயம் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்ற நிம்மதி. நல்ல பதில் கொடுத்துவிட்டேன் என்ற திருப்தி. சாப்பிட உட்காரும்போது சொல்லிக்கொள்ளலாம், இத்தனை வருஷமாக இங்கே என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டு வேதத்தைத் திறந்து வைத்தேன். எந்தப் பக்கம் என்று இன்றுவரை ஞாபகமில்லை.

கவிதா குடல் நிறைந்த பேசினைத் தூக்கிக்கொண்டு, மரத்தை நிமிர்ந்தும் பார்க்காமல் என்னைக் கடந்து போனாள். "அண்ணே, உனக்கு ஈரல் எடுத்து வைக்கவா?"

"ச்சீ, போ" என்றேன்.

போனாள்.

அவள் கத்தவில்லை. கத்த நேரம் கிடைக்கவில்லை. பேசின் கல்லில் விழுந்து உருண்ட சத்தம்தான் கேட்டது. திரும்பினேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரம். கலங்கலான தண்ணீரில் அவள் முதுகும் கைகளும் தெரிந்தன. கை மண்ணைப் பிறாண்டிக்கொண்டே பின்னால் போனது.

எனக்கும் அவளுக்கும் நடுவில் முப்பது அடி இருக்கும். எல்லோரையும் விட அவளுக்குக் கிட்டத்தில் இருந்தவன் நான். நான் ஓடவில்லை. அப்படியே முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டேன். ஜெபம் பண்ணினேன். "ஆண்டவரே, அவளை விட்டுவிடும். யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும், அவளை மட்டும் விட்டுவிடும்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

என்னைத் தாண்டி ஒருவர் ஓடினார். அப்பா. செருப்பு கழன்று என் மேலேயே விழுந்தது. ஓடின ஓட்டத்திலேயே இடுப்பளவு தண்ணீரில் குதித்தார். "விடுறா! புள்ளைய விடுறா!" என்று, ஒரு ஆளிடம் சண்டை போடுகிற மாதிரி முதலையிடம் கத்தினார். அந்தப் பக்கம் சின்னப் படகில் வலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்த பெங்காலிப் பெரியவர் ஒருவர், "ஆங்க் மே மாரோ! ஆங்க் மே!" என்று கத்தினார். கண்ணில் குத்து என்று. அந்தக் கலங்கலில் அப்பாவுக்கு அதன் கண் எங்கே தெரியப்போகிறது? அவளுடைய காலைத் தேடிப் பிடித்து, அது எங்கே முடிகிறதோ அங்கே தன் வலது கையை விட்டார். வாய்க்குள்ளே. நெம்பினார்.

அது கவிதாவை விட்டது. அப்பாவைப் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததை விவரமாக எழுத மாட்டேன். முருகேசு சித்தப்பா கவிதாவை இழுத்துக் கரையில் போட்டார். பெங்காலிப் பெரியவர் துடுப்பால் அடித்துக்கொண்டே படகைக் கிட்டே கொண்டுவந்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அப்பாவை எடுத்தார்கள். முழுசாக எடுக்கவில்லை. நான் முட்டிபோட்ட இடத்திலேயே இருந்தேன். அம்மா வந்து என் தலையில் அடித்து, "எந்திரிடா, தூக்குடா" என்று அலறிய பிறகுதான் எழுந்தேன்.

போர்ட் பிளேரில் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பேரும் பிழைத்தார்கள். நம் சபையார் வந்து ரத்தம் கொடுத்தீர்கள், வராண்டாவில் நின்று ஜெபித்தீர்கள். உங்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். கவிதாவின் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். அப்பாவின் கையில் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை.

நான்காம் நாள் வனத்துறைக்காரர் விசாரிக்க வந்தார். தாள் வைத்திருந்தோமே, யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டார். அப்பா படுத்தபடியே தன் அரைகுறை ஹிந்தியில் சொன்னார்: "சாப், ஹம் அன்பட் ஆத்மி." ஐயா, நான் படிக்காத ஆள்.

அந்த அதிகாரி என்னைக் காட்டினார். இந்தப் பையன் படித்தவன்தானே?

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வோ தூர் மே தா, சாப். உஸ்னே தேக்கா நஹீ." அவன் தூரத்துல இருந்தான், அவன் பார்க்கல.

எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து பழி முழுவதும் அப்பா தலையில் விழுந்தது. வருகிற போகிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள், தாள் இருக்கிறது, நாலு பேரைக் கேட்க மாட்டானா, பொம்பளப் பிள்ளையைத் தண்ணீரில் இறக்குவானா என்று. முருகேசு சித்தப்பாவே ஒருநாள், "உனக்குப் புத்தி எங்கய்யா போச்சு?" என்று கேட்டார். அம்மா எல்லோரையும்விடக் கொடூரமாக இருந்தாள். அப்பாவின் தட்டைத் தரையில் வைத்துக் காலால் தள்ளுவாள். "உன் கெடாயும் நீயும். எம்புள்ளைய நொண்டியாக்கிட்டல்ல, இப்ப திருப்தியா?" அப்பா ஒரு வார்த்தை பேச மாட்டார். இடது கையால் சோற்றைத் துழாவுவார். நம் ஊரில் இடது கையால் சாப்பிடுவது எவ்வளவு கூச்சம் என்று உங்களுக்குத் தெரியும். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிடுவார்.

நான் அதே அறையில்தான் உட்கார்ந்து, வலது கையால் சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து சபையில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். மூத்த சகோதரர் ஒருவர், "தம்பி, அது பலி குடுக்கற இடத்துல நடந்துச்சுங்கறத விடாம சொல்லுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு முழுசாகத் தெரியாது. தெரிந்தவன் நான். மேடையேறி நான் சொன்னது ஞாபகமிருக்கிறதா? என் ஜெபத்தைக் கேட்டுத் தங்கச்சியைக் கர்த்தர் விடுவித்தார், கல்லுக்குப் பலி கொடுத்த கையை அவரே எடுத்துக்கொண்டார் என்றேன். நீங்கள் அல்லேலூயா என்றீர்கள்.

யாரோ அதைப் போனில் எடுத்து அனுப்ப, அது சுற்றிச் சுற்றிக் கவிதாவிடம் வந்துவிட்டது. ஒரு மத்தியானம் அப்பா சாப்பிடும்போது அவள் அதைச் சத்தமாக வைத்தாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். என் குரல் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. பலி கொடுத்த கை. கர்த்தர் எடுத்துக்கொண்டார். அல்லேலூயா.

முடிந்ததும் கவிதா கேட்டாள், "கேட்டீங்களாப்பா?"

அப்பா சொன்னார்: "நல்லா பேசுறான்ல? ஒரு எடத்துலகூடத் தட்டாம பேசுறான் பாரு."

பெருமையாகச் சொன்னார். சத்தியமாகப் பெருமையாகத்தான்.

நான் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு நடந்தேன். மூன்று நாள் வேலைக்குப் போனேன், டிக்கெட் கொடுத்தேன், என்னால் ஜெபிக்க முடியவில்லை. கண்ணை மூடினால் ஓடைக்கரையில் நான் செய்த ஜெபம்தான் வந்து நின்றது. யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் என்றேனே. என்னை எடுத்துக்கொள்ளும் என்று ஏன் சொல்லவில்லை? என் வாயில் அது வரவே இல்லை. ஆட்டுப் பலியைக் கேலி பண்ணிய நானும் ஆண்டவரிடம் போய் ஒரு ஆட்டைத்தான் கொடுத்தேன். எனக்குப் பதிலாக யாராவது ஒரு ஆள். அந்த ஆட்டின் பேர் என்னவாக இருந்தாலும் எனக்குப் பரவாயில்லை. என் அப்பா மட்டும்தான் அன்றைக்கு வேறு யாரையும் கொடுக்காமல் தன்னைக் கொடுத்தார்.

மூன்றாம் நாள், வேதத்தில் சிலுவைப்பாடுகளின் பகுதியைத் திறந்தேன். எத்தனையோ தடவை படித்ததுதான். எப்போது படித்தாலும் சிலுவைக்குக் கீழே அழுதுகொண்டு நிற்கிறவர்களோடு என்னையும் நிறுத்திக்கொள்வேன். அன்றைக்கு அங்கே எனக்கு இடமில்லை. கீழே நின்று கேலி பண்ணுகிறார்களே, கடவுளை நம்பினானே, அவர் வந்து காப்பாற்றட்டுமே என்று, அவர்கள் குரலைக் கேட்டேன். அது என் குரல். பாதாம் மரத்தடியில் நான் பேசிய அதே தொனி. மேலே தொங்குகிறவரோ ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் அவர்களுடைய பழியையே சுமந்துகொண்டிருக்கிறார்.

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் அப்பாவின் ரத்தம் என் பாவத்தைக் கழுவாது. கழுவுகிற ரத்தம் ஒன்றுதான். ஆனால் அது என்ன விலை, அதை யார் கொடுத்தார், யாருக்காகக் கொடுத்தார் என்பது எனக்குப் பாடமாகத்தான் தெரிந்திருந்தது. குற்றம் இல்லாதவர் பழியைச் சுமக்கும்போது, குற்றவாளி பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு சாப்பிடுவான். அப்படித்தான் இருக்கும். இரண்டு மாதத்துக்கு மேல் நான் சாப்பிட்டேன்.

"கர்த்தாவே, என் வாயைத் திறந்துவிடும். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை" என்று ஜெபித்தேன். என் வாழ்க்கையில் யாரையும் பணயம் வைக்காமல் செய்த முதல் ஜெபம் அதுதான். அவர் பதில் கொடுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் வீட்டில் இருந்தார்கள். அப்பா முன்னால் முட்டிபோட்டு, நடந்ததை அப்படியே சொன்னேன். தாளைப் படித்தேன், புரிந்தது, நீங்கள் கேட்டீர்கள், நான் சொல்லவில்லை.

அம்மா கையில் இருந்த கரண்டியோடு வந்து அடித்தாள். எங்கே படுகிறது என்று பார்க்காமல் அடித்தாள். "உன்னப் படிக்க வெக்கத்தானடா இந்த மனுசன் வெயில்ல வெந்தாரு!" பிறகு அடிப்பதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் பார்க்க முடியவில்லை. கரண்டியை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

கவிதா அழவில்லை. "ஈரல் எடுத்து வைக்கவான்னு கேட்டேன்" என்றாள். "அப்பகூட நீ சொல்லல." எழுந்து, காலைச் சாய்த்துச் சாய்த்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்பா மட்டும் அசையாமல் இருந்தார். "எனக்குத் தெரியும்டா" என்றார். "ஆஸ்பத்திரியில அந்த ஆபீசர் தாளப் பத்திக் கேட்டப்பவே தெரிஞ்சு போச்சு."

"பின்ன ஏம்ப்பா நான் பார்க்கலன்னு சொன்னீங்க?"

"சொல்லியிருந்தா என் கை முளைச்சிருமா? கேஸு கீஸுன்னு உன் வேலை போயிருக்கும். அப்புறம் கெடாயும் வேஸ்ட்டு, கையும் வேஸ்ட்டு." இடது கையை என்னிடம் நீட்டினார். "நீ கோவத்துல இருந்த. நானும் ரெண்டாந்தடவ கேட்டிருக்கணும். எந்திரி."

எழுந்தேன். எனக்கு ஒரு தண்டனையும் கிடைக்கவில்லை, சகோதரர்களே. தண்டனை கிடைத்திருந்தால் சரிக்குச் சரி என்று தலை நிமிர்ந்திருப்பேன். அவர் அதற்கும் வழி வைக்கவில்லை. மன்னிப்பு இவ்வளவு கனமானது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மறுவாரம் வனத்துறை அலுவலகத்துக்குப் போய் உண்மையை எழுதிக் கொடுத்தேன். என்ன செய்வார்கள் என்று பயந்துகொண்டே கொடுத்தேன். அங்கிருந்தவர் கடைசி வரை படித்தார். "கர் ஜாவ்" என்றார். வீட்டுக்குப் போ.

இப்போது ஷிப்ட் எப்படி இருந்தாலும் ஒரு வேளையாவது நான்தான் அப்பாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிறேன். முதலில் கூச்சப்பட்டார், திட்டினார், இப்போது விட்டுவிட்டார். நான் பிரசங்கம் பண்ணுவதில்லை. போன வாரம் அவராகவே கேட்டார்.

"உங்க சாமி கெடா கேக்காதாமே, நெசமாவா?"

"கேக்காதுப்பா. நமக்காகத் தன் மகனையே குடுத்துட்டார்."

அப்பா மெல்லுவதை நிறுத்தினார். "மகனயா? அது என்னடா அப்பன்? அப்பன்னா அவன்ல எறங்கியிருக்கணும்?"

எனக்கு ஒப்பிக்கிற பதில் நிறையத் தெரியும். எதையும் ஒப்பிக்கவில்லை. "இறங்கினதே அவர்தாம்ப்பா" என்றேன். "மகனுக்குள்ள அவர்தான் இருந்தார். வேற யாரையும் அனுப்பிட்டுக் கரையில நிக்கல."

அப்பா யோசித்தார். "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தார். அவர் இன்னும் சபைக்கு வரவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை. ஆண்டவர் அவரை என்னைவிட நன்றாக அறிந்திருக்கிறார்.

என் ஜெபம் இரண்டையும் கேட்டவருக்கு நன்றி சொல்கிறேன். என் தங்கச்சி உயிரோடு இருக்கிறாள். என் வாய் திறந்துவிட்டது. இதைப் படிக்கிற உங்களில் யாராவது என்னைப்போல ஒன்றை ஒளித்து வைத்திருந்தால், அதை இன்னொருவர் சுமந்துகொண்டிருந்தால், தாமதிக்காதீர்கள். போய்ச் சொல்லிவிடுங்கள். சொல்லப்போகிறதை ஆண்டவர் முன்பே அறிவார். அறிந்தேதான் தண்ணீரில் இறங்கினார். அவரை நம்பி முட்டிபோடுங்கள். எழுந்திரு என்று சொல்வார்.

கவிதா இன்னும் என்னோடு பேசவில்லை. அண்ணே என்று கூப்பிடுவதில்லை. பேசு என்று அவளிடம் கேட்க எனக்கு உரிமையும் இல்லை. காலையில் அவளைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விடுகிறேன். அவள் முன்னால் நடக்கிறாள், நான் பையைத் தூக்கிக்கொண்டு அவள் வேகத்துக்குப் பின்னால் நடக்கிறேன். எனக்காக நீங்கள் நிறைய ஜெபித்துவிட்டீர்கள். இனி அவளுக்காக ஜெபியுங்கள்.